ராட்டினமாய்ச் சுழன்ற கோள்: மெஸ்க்ளின் உலகம், ஒரு நிகழ்வு ஆய்வு

தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் கையை வைத்து ஒரு புளியங்கொட்டையை விடுங்கள். சத்தம்கூடச் சரியாகக் கேட்காது. அதே ஒரு சாண், அதே புளியங்கொட்டை. ஈர்ப்பு மட்டும் பூமியைப் போல 700 மடங்கு என்று வைத்துக்கொள்வோம். கொட்டை தரையைத் தொடும்போது அதன் வேகம் மணிக்கு 200 கிலோமீட்டர். விழ எடுக்கும் நேரம் ஒரு நொடியில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. விரலை விட்டதும் தரையில் கிடக்கும். அது விழுந்த காட்சியைக் கண் பார்த்தே இருக்காது.

அப்படி ஓர் இடத்தில் பிறந்து வளர்ந்த ஒருவருக்கு 'விழுவது' என்றால் என்ன? சாவு என்றுதான் பொருள். ஒரு சாணே போதும். அவருடைய வீட்டுக்கு மாடி இருக்குமா? கூரை இருக்குமா? அவர் குழந்தை பந்து விளையாடுமா? கப்பல் கட்டத் தெரிந்தால், அது எந்த வடிவத்தில் இருக்கும்?

இந்தக் கேள்விகளை ஒன்றுவிடாமல் கேட்டு, கணக்குப் போட்டு விடை எழுதிய நாவல் ஒன்று உண்டு. ஹால் கிளெமென்ட் எழுதிய 'மிஷன் ஆஃப் கிராவிட்டி'. 1953 ஏப்ரல் முதல் ஜூலை வரை 'அஸ்டவுண்டிங் சயின்ஸ் ஃபிக்‌ஷன்' என்ற அமெரிக்க இதழில் நான்கு பகுதிகளாக வந்தது. அடுத்த ஆண்டு நூலானது. மனிதனைக் கொல்லக் காத்திருக்கும் கோள்களைப் பற்றிய கதைகள் ஏராளம். அவற்றில் பெரும்பாலானவற்றில் கோள் என்பது வில்லன்: புயல் அடிக்கும், பூச்சி கடிக்கும், பள்ளம் விழுங்கும், எல்லாம் கதாசிரியர் நினைத்த நேரத்தில். இந்த நாவலின் கோளான மெஸ்க்ளின் அப்படி இல்லை. அங்கே நடப்பது எல்லாம் ஒரே ஓர் எண்ணிலிருந்து வருகிறது. அந்த எண் எங்கிருந்து வந்தது, அதிலிருந்து ஒரு கோளே எப்படி முளைத்தது, பிறகு அந்தக் கணக்கில் எங்கே தவறு பிடிபட்டது என்பதுதான் இங்கே பார்க்கப்போவது.

ஆசிரியரும் ஒரு நட்சத்திரமும்

கிளெமென்ட் என்பது புனைபெயர். இயற்பெயர் ஹாரி கிளெமென்ட் ஸ்டப்ஸ். ஹார்வர்டில் வானியல் படித்தவர். இரண்டாம் உலகப் போரில் பி-24 குண்டுவீச்சு விமானத்தில் 35 முறை போர்க்களம் போய்த் திரும்பியவர். அதன் பிறகு மாசசூசெட்ஸ் மாநிலத்தில் மில்டன் அகாடமி என்ற பள்ளியில் பல்லாண்டுகள் அறிவியல் ஆசிரியர். கதையைப் படிக்கும்போது அந்த வாத்தியார் தெரிகிறார்; எந்த இடத்திலும் விடையை மட்டும் சொல்லி நகர்ந்துவிட மாட்டார், வழிமுறையையும் காட்டுவார்.

61 சிக்னி என்பது நமக்கு அருகே, 11 ஒளியாண்டுச் சொச்சம் தொலைவில் உள்ள இரட்டை நட்சத்திரம். 1838-இல் ஜெர்மன் வானியலாளர் பெஸல் முதன்முதலாகத் தொலைவை அளந்து அறிவித்த நட்சத்திரமும் இதுவே. 1940-களின் தொடக்கத்தில் காய் ஸ்ட்ராண்ட் என்ற வானியலாளர், இந்த இரட்டையரின் நடையில் ஒரு சிறு தள்ளாட்டம் தெரிகிறது, கண்ணுக்குத் தெரியாத துணை ஒன்று இழுக்கிறது, அதன் நிறை வியாழனைப் போல ஏறக்குறைய 16 மடங்கு என்று அறிவித்தார். சூரிய மண்டலத்துக்கு வெளியே ஒரு கோள்! அந்தக் காலத்தில் அது எத்தனை பெரிய செய்தி என்று நினைத்துப் பாருங்கள். கிளெமென்ட் அதைப் பிடித்துக்கொண்டார்.

பிடித்ததும் சிக்கல் வந்தது. அந்த நிறையை ஒரு கோளாக உருட்டினால், மேற்பரப்பில் ஈர்ப்பு நூற்றுக்கணக்கான ஜி (ஒரு ஜி என்பது பூமியின் ஈர்ப்பு). மனிதன் இறங்கிய கணத்தில் தரையோடு தரையாகிவிடுவான். கதையில் மனிதன் வேண்டும். கோளையும் விட மனமில்லை. என்ன செய்வது?

சுழற்றிவிட்டார்.

கால் நிமிடக் கணக்கு

வாளியில் தண்ணீர் நிரப்பித் தலைக்கு மேலே வேகமாகச் சுற்றினால் தண்ணீர் கொட்டாது; வாளியின் அடியோடு ஒட்டிக்கொள்ளும். வெளியே வீசப் பார்க்கும் அந்த விசைதான் இங்கே கைகொடுத்தது. கோள் போதுமான வேகத்தில் சுழன்றால், நடுக்கோட்டில் நிற்பவரைச் சுழற்சி வெளியே தள்ளும். ஈர்ப்பு உள்ளே இழுக்கும். மிச்சம் இருப்பதுதான் எடை. துருவத்தில் நிற்பவருக்கு இந்தச் சலுகை கிடையாது. அவருக்கு முழு ஈர்ப்பு.

கிளெமென்ட் தேர்ந்தெடுத்த நாள், 18 நிமிடத்துக்குச் சற்றே குறைவு. சூரியன் உதித்துக் காபி ஆறுவதற்குள் அஸ்தமித்துவிடும். அந்த வேகத்தில் சுழலும் கோள் உருண்டையாக நிற்காது, இடுப்பு பிதுங்கும். நடுக்கோட்டில் குறுக்களவு 48,000 மைல், துருவத்திலிருந்து துருவத்துக்குச் சுமார் 20,000 மைல். பூமியும் இப்படிப் பிதுங்கித்தான் இருக்கிறது, ஆனால் 12,756 கிலோமீட்டர் குறுக்களவில் வெறும் 43 கிலோமீட்டர் வித்தியாசம். மெஸ்க்ளின் இரண்டு உள்ளங்கைக்கு நடுவே அமுக்கிய லட்டு. நடுக்கோட்டில் 3 ஜி, துருவத்தில் சுமார் 700 ஜி.

இந்த எண்களை நானே ஒருமுறை தாளில் போட்டுப் பார்த்தேன். நிறை முழுவதும் கோளின் நடுவில் குவிந்திருப்பதாக எளிமையாக வைத்துக்கொண்டால், நடுக்கோட்டில் ஈர்ப்பு 138 ஜி வருகிறது. நாளின் நீளம் 18 நிமிடம் என்றால் சுழற்சி அதில் 133 ஜியைக் கழிக்கிறது, மிச்சம் 5. நாளைக் கால் நிமிடம் குறைத்தால் 137 கழிகிறது. மிச்சம் ஒன்றரைகூட இல்லை. நடுவில் எங்கோ அந்த 3 உட்கார்ந்திருக்கிறது. கால் நிமிடம் தவறினால் கதாநாயகன் நிற்க முடியாது, அல்லது காற்றோடு போய்விடுவான். இரண்டு பூதாகரமான எண்கள் ஒன்றையொன்று ஏறக்குறைய தின்றுவிட, அந்த மிச்சத்தின் மேல் ஒரு மனிதனை நிறுத்தியிருக்கிறார். அதுவும் அளவுகோலை நகர்த்திக் கணக்குப் போட்ட ஸ்லைடு ரூல் காலத்தில். நடுக்கோட்டில் நிற்பவர் நொடிக்கு 220 கிலோமீட்டருக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கிறார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எண்ணிலிருந்து பிறந்த அச்சம்

இனி கோளில் இருப்பவர்களிடம் வருவோம். துருவப் பக்கத்தைச் சொந்த ஊராகக் கொண்ட மெஸ்க்ளின்வாசி பதினைந்து அங்குல நீளம், பூரான் மாதிரி தரையோடு ஒட்டிய உடல், வரிசையாகக் கால்கள், முன்னால் இடுக்கி. உயரமே இல்லாத உடல், ஏனென்றால் உயரம் அங்கே உயிருக்கு உலை. பார்லென்னன் என்பவர் இந்த இனத்துக் கப்பல் தலைவர், வியாபாரி. அவருடைய கப்பலின் பெயர் 'பிரீ'.

ஒரு பொருளைத் தூக்கி எறிவது என்ற எண்ணமே இவர்களுக்கு இல்லை. ஏன் என்று பார்க்க மறுபடியும் கணக்குக்கே போகலாம். நம் தோள் உயரத்திலிருந்து, மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் நேராக ஒரு கல்லை வீசுகிறோம். பூமியில் பத்து மீட்டருக்கு மேல் போகும். 700 ஜியில் அது இரண்டு சாண் தூரம்கூடத் தாண்டாமல் தரையில் அறைந்துவிடும். அப்புறம் யார் எறியக் கற்றுக்கொள்வார்கள்? எறிதல் இல்லையென்றால் அம்பு இல்லை, ஈட்டி இல்லை, பந்தாட்டம் இல்லை. தலைக்கு மேல் கனமான பொருள் இருந்தாலே உடம்பு நடுங்கும். ஆகவே கல்லால் கூரை போடுவதும் இல்லை.

கப்பல்தான் எனக்கு மிகவும் பிடித்த இடம். அங்கே கடல் தண்ணீரால் ஆனதல்ல, திரவ மீத்தேன். தண்ணீரில் பாதி எடைகூட இல்லாத திரவம். ஆனாலும் 700 ஜியில் ஒரு மீட்டர் ஆழத்தில் அழுத்தம் நம் காற்றழுத்தத்தைப் போல 28 மடங்கு. நம் கடலில் 280 மீட்டர் ஆழத்துக்குப் போனால்தான் அந்த அழுத்தம். குழிவான படகு ஒன்றைச் செய்து அந்தக் கடலில் இறக்கினால் பக்கங்கள் நொறுங்கி உள்ளே வந்துவிடும். அதனால் 'பிரீ'க்கு நாம் நினைக்கும் வயிறு கிடையாது. தட்டையான தெப்பங்களைக் கயிற்றால் ஒன்றோடொன்று பிணைத்த கப்பல் அது. நம் கட்டுமரம் இதைவிடக் கொஞ்சம் குண்டு என்றே சொல்லலாம். நாவலில் இந்தக் கப்பல் முதலில் அறிமுகமாகும்போது அழகுக்காக வித்தியாசமாக ஒன்றைக் கற்பனை செய்திருக்கிறார் என்றுதான் நினைப்போம். பல அத்தியாயம் கழித்துத்தான், வேறு எந்த வடிவமும் அங்கே சாத்தியமே இல்லை என்பது உறைக்கும்.

அவர்களுடைய உலகப் படம்கூடக் கிண்ண வடிவம். அடர்த்தியான ஹைட்ரஜன் காற்றில் ஒளி வளைவதால் தொடுவானம் மேலே எழும்பித் தெரிகிறது. எந்தத் திசையில் பார்த்தாலும் தாங்கள் ஒரு கிண்ணத்தின் அடியில் இருப்பதாகத் தோன்றுகிறது. கண் பார்த்ததை நம்பி, நேர்மையாக வரைந்த தப்பான வரைபடம். அதை வைத்தே கடலோடியும் இருக்கிறார்கள். அவர்களை முட்டாள்களாகக் காட்டாமல் விட்டது ஆசிரியரின் பெரிய குணம்.

நிகழ்வு

மனிதர்கள் மெஸ்க்ளினின் நிலவு ஒன்றில் தளம் அமைத்திருக்கிறார்கள். இத்தனை கடுமையான ஈர்ப்பை அளப்பதற்காகக் கருவிகள் நிறைந்த ராக்கெட் ஒன்றைத் தென் துருவத்தில் இறக்குகிறார்கள். இறங்கிவிட்டது, திரும்பக் கிளம்பச் சொன்னால் கிளம்பவில்லை. அளந்தது எல்லாம் அதன் உள்ளேயே கிடக்கிறது. மனிதர் யாரும் அங்கே போக முடியாது: 60 கிலோ ஆள் அந்த இடத்தில் 42 டன். போகக்கூடியவர்கள் அந்த ஊர்க்காரர்கள் மட்டுமே.

ஆகவே சார்லஸ் லாக்லண்ட் என்ற மனிதர் நடுக்கோட்டில் இறங்கி, மூன்று மடங்கு எடையைச் சுமந்துகொண்டு, அங்கே வந்து தங்கியிருக்கும் பார்லென்னனோடு பேச்சு வைத்துக்கொள்கிறார். பார்லென்னன் ஆங்கிலம் கற்றுக்கொள்கிறார். ஒப்பந்தம்: கப்பல் துருவம் வரை போய் ராக்கெட்டைக் கண்டுபிடிக்க வேண்டும், மனிதர்கள் ரேடியோவில் வழி சொல்லுவார்கள், வானிலை சொல்லுவார்கள்.

இந்தக் கட்டத்தில் என் மனதில் தைத்தது ஒன்று. மனிதனுக்கு மெஸ்க்ளினில் ஓரளவு தாங்கக்கூடிய ஒரே இடம் நடுக்கோடு. பார்லென்னனுக்கோ அந்த நடுக்கோடுதான் பயங்கரம். அங்கே அவர் எடை சொந்த ஊரில் இருந்ததில் 230-இல் ஒரு பங்கு. 60 கிலோ மனிதர் ஒருவர் திடீரென்று கால் கிலோ கத்தரிக்காய் எடைக்கு வந்துவிட்டால் எப்படி இருக்கும்? ஒரு காற்று அடித்தால் போதும். நாவல் தொடங்குவதே அந்தக் காற்றைப் பற்றிய கவலையோடுதான். கப்பலும் ஆட்களும் பறந்துவிடக் கூடாதே என்று ஒரு தலைவன் தவிக்கிறான். 'அபாயகரமான அன்னியக் கோள்' என்று நாம் சொல்லும்போது யாருக்கு அபாயம், யாருக்கு அன்னியம் என்ற கேள்வியைப் பிரசங்கம் எதுவும் இல்லாமல் எடையை வைத்தே கேட்டுவிடுகிறார். அந்தக் கோளில் அன்னிய மண்ணை ஆராயப் புறப்பட்டவர்கள் இரண்டு பேர். லாக்லண்ட் ஒருவர், பார்லென்னன் இன்னொருவர்.

ஒரு காட்சியை மட்டும் அருகில் போய்ப் பார்ப்போம். லாக்லண்ட் தன் ஊர்தியின் பக்கத்தில் நிற்கிறார். பேச வசதியாக இருக்கட்டும் என்று, நாம் பூனைக்குட்டியைத் தூக்குவதுபோல, பார்லென்னனை எடுத்து ஊர்தியின் கூரைமேல் வைத்துவிடுகிறார். அவருக்கு அது உதவி. பார்லென்னனுக்கு? வாழ்நாளில் ஒரு சாண் உயரத்தில்கூட இருந்திராதவர் இப்போது ஆள் உயரத்தில். கீழே வெறும் வெளி. உடம்பு முழுக்க மரணம் நெருங்கிவிட்டது என்கிறது. கத்தவும் முடியவில்லை, காலும் இடுக்கியும் பிடிமானம் தேடித் தவிக்கின்றன. கொஞ்ச நேரம் ஆகிறது. விழவில்லை. சாகவில்லை. அந்தக் கப்பல்காரரின் மூளை மெல்ல வேலை செய்யத் தொடங்குகிறது: இங்கே எடை இல்லை, ஆகவே இங்கே விழுந்தாலும் ஒன்றும் ஆகாது. இந்த எண்ணம் அவர் இனத்தில் யாருக்கும் வந்திராத எண்ணம்.

பயத்தை வெல்லும் காட்சிகள் எத்தனையோ படித்திருக்கிறோம். இதில் வெல்லப்படும் பயம் ஒரு கணக்கின் விளைவு. வெல்ல உதவுவதும் கணக்குதான். பின்னால் மாலுமிகளுக்கும் இந்தத் துணிச்சல் தொற்றிக்கொள்ள, அவர்கள் ஏறிக் குதிக்க ஆரம்பிக்கிறார்கள். அப்போது தலைவருக்குப் புதுக் கவலை: தெற்கே போகப்போக எடை கூடும்போது இவர்கள் மறதியில் ஒருமுறை குதித்துவிட்டால்? கற்றுக்கொண்ட தைரியத்தை ஊருக்குத் திரும்பும்போது மறக்கவும் தெரிந்திருக்க வேண்டும். வெளியூர் போய்த் திரும்பிய எவருக்கும் இது புரியும்.

பயணத்தின் நடுவில் வரும் சாகசங்களை நான் விரிக்கப்போவதில்லை. சில நன்றாக இருக்கின்றன, சில அந்தக் காலத்துத் தொடர்கதைக்கே உரிய இழுவை.

தவறு எங்கே

தொடர் ஓடிக்கொண்டிருக்கும்போதே, 1953 ஜூன் இதழில், கிளெமென்ட் இன்னொரு காரியம் செய்தார். 'ராட்டின உலகம்' என்று பொருள்படும் தலைப்பில் ஒரு கட்டுரை எழுதி, கோளை எப்படிக் கட்டினார் என்பதை முழுக்கப் பிட்டுவைத்தார். அவர் பார்வையில் அறிவியல் புனைகதை ஒரு விளையாட்டு. எழுதுபவன் அறிவியலோடு மோதாத உலகம் ஒன்றைக் கட்ட வேண்டும். வாசகன் அதில் ஓட்டை தேட வேண்டும். ஓட்டை தேடச் சொல்லி வரைபடத்தையும் கையில் கொடுத்துவிட்டார்.

தேடினார்கள். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் அறிவியல் புனைகதைச் சங்கத்தினர் பின்னாளில் கோளின் வடிவத்தை இன்னும் துல்லியமாகக் கணக்கிட்டார்கள். அத்தனை வேகத்தில் சுழலும் கோளின் நடுக்கோடு உருண்டையாக முடியாது, கூரான விளிம்பாகத்தான் இருக்கும் என்று வந்தது. நம் ஊர்க் கணக்கில் சொன்னால், அவர் லட்டு என்று நினைத்தது உண்மையில் இட்லி: இரண்டு பக்கமும் உப்பல், சுற்றிலும் விளிம்பு. துருவத்து ஈர்ப்பும் 700 ஜி வராது, அதில் பாதிக்கும் குறைவுதான். கிளெமென்ட் இதை மறைக்கவில்லை, மழுப்பவில்லை. தான் தவறு செய்ததாக வெளிப்படையாகச் சொன்னார்.

காரணம் தேடினால், நான் மேலே செய்த அதே எளிமைதான் இடறியிருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. நிறை எல்லாம் நடுவில் குவிந்ததுபோல வைத்துப் போட்டால், துருவத்தில் எனக்கு 800 ஜி வருகிறது. உண்மையில் அமுங்கிப் பரந்த கோளில் நிறையின் பெரும்பங்கு பக்கவாட்டில் விலகிக் கிடக்கிறது. துருவத்தில் நிற்பவரை அது நேராகக் கீழே இழுக்காமல் சாய்வாக இழுக்கிறது. ஆகவே ஈர்ப்பு குறையும்.

இன்னும் இரண்டு விரிசல்கள் உண்டு; அவற்றுக்கு அவர் பொறுப்பல்ல. ஸ்ட்ராண்ட் கண்டதாகச் சொன்ன அந்தத் துணையே பிந்தைய அளவீடுகளில் இல்லாமல் போனது. நாவலுக்கு விதை போட்ட கோள் வானத்தில் கிடையாது. மற்றொன்று, வியாழனைப் போல 16 மடங்கு நிறையுள்ள ஹைட்ரஜன் உருண்டை ஏறக்குறைய வியாழன் அளவுக்கே இருக்கும் என்பது இன்று தெரியும். மெஸ்க்ளினின் இடுப்பு அதில் சுமார் பாதி. இன்றைய வகைப்பாட்டில் அதைக் கோளுக்கும் நட்சத்திரத்துக்கும் இடைப்பட்ட பழுப்புக் குறுமீன் பக்கம்தான் தள்ளுவார்கள்.

இதனால் நாவல் செத்துவிட்டதா? நான் அப்படிப் பார்க்கவில்லை. ஒரு சாண் விழுந்தால் மணிக்கு 200 கிலோமீட்டர் என்பதை, ஈர்ப்பு 270 ஜிதான் என்று திருத்தினால் 124 கிலோமீட்டர் ஆகும். பார்லென்னன் அப்போதும் நடுங்குவார். 'பிரீ' அப்போதும் தெப்பமாகத்தான் இருக்கும். எண் தவறியும் எண்ணிலிருந்து விளைவுக்குப் போகும் பாதை தவறவில்லை. திருத்தம் சாத்தியமானதே, வழிமுறையை அவர் காட்டியிருந்ததால்தான். கையை வீசிக் கதை விட்டிருந்தால் எந்த மாணவரும் தாளை எடுத்திருக்க மாட்டார். தமிழில் அறிவியல் புனைகதை எழுதுகிறவர்களோடு பேசும்போதெல்லாம் நான் இந்த இடத்தைத்தான் சொல்லுவேன். ஒரே ஓர் எண்ணைத் துணிந்து வையுங்கள், அதன் பிறகு அது போகிற வழியில் போங்கள்.

எனக்கு உண்மையாகவே உறுத்துவது வேறு. பூரான் உடலில் இருந்தாலும் பார்லென்னன் பேசுவது 1950-களின் அமெரிக்க வியாபாரி மாதிரி. உடலை இத்தனை நுணுக்கமாக ஈர்ப்பு செதுக்கியதென்றால், பேச்சையும் உறவையும் வழிபாட்டையும் செதுக்காமல் விட்டிருக்குமா? உயரத்தை அஞ்சும் ஓரினத்தில் 'பெரியவர்', 'மேலானவர்' என்றெல்லாம் சொல் இருக்குமா? நம் மொழியில் மதிப்பு எல்லாமே மேலே இருக்கிறது: மேன்மை, உயர்வு, ஓங்கிய புகழ். அவர்களிடம் அது வேறு எங்கோ இருந்திருக்க வேண்டும். அந்தப் பக்கம் கிளெமென்ட் போகவே இல்லை. மனிதப் பாத்திரங்களோ இன்னும் மெலிவு. ரேடியோவில் வரும் குரல்கள் என்பதற்கு மேல் அவர்கள் வளரவில்லை. பெண் என்று சொல்ல ஒருவர்கூட இல்லை.

பேரம்

ராக்கெட் கிடைக்கிறது. அதன் பக்கத்தில் நின்றுகொண்டு பார்லென்னன் ரேடியோவில் மனிதர்களிடம் பேசுகிறார். இத்தனை நாள் சொன்னபடி செய்த ஆள் இப்போது நிபந்தனை வைக்கிறார். வழியெல்லாம் மனிதர்கள் சொன்ன ஒவ்வொன்றும் பலித்ததைப் பார்த்தார். ஏன் பலிக்கிறது என்று கேட்டபோதெல்லாம் உனக்குப் புரியாது என்ற பதிலே வந்தது. இப்போது அவர் பொன் கேட்கவில்லை, பொருள் கேட்கவில்லை, கருவிகூடக் கேட்கவில்லை. அடிப்படையிலிருந்து கற்றுக்கொடுங்கள் என்கிறார். கொடுத்தால்தான் ராக்கெட்டில் இருப்பது கிடைக்கும்.

பல்லாண்டு வகுப்பில் நின்ற ஒருவர்தான் இந்த முடிவை எழுத முடியும் என்று ஒவ்வொரு முறையும் எனக்குத் தோன்றுகிறது.

மனிதர்கள் ஒப்புக்கொள்கிறார்கள். அதன் பலனை நாம் கடைசியில் பார்க்கிறோம். கற்றுக்கொண்ட முதல் பாடங்களில் ஒன்று, சூடேறிய காற்று மேலே போகும் என்பது; அங்கே காற்று என்றால் ஹைட்ரஜன். தெப்பங்கள் பிணைந்த அந்தப் பழைய கப்பல், 'பிரீ', இப்போது பலூனில் தொங்கியபடி தரையை விட்டு எழும்புகிறது. ஊர்திக் கூரையில் பிடிமானம் தேடித் தவித்த அதே தலைவர் அதன் மேல்தளத்தில் இருக்கிறார்.